ஜார்ஜியால பிளாக் பசங்களுக்கு ஹோம்ஸ்கூல்: ஃபாரம் போடறதுலேருந்து புத்தகம் பொறுக்கறது வரைக்கும்

இது ரொம்பச் சின்னக் கூட்டத்துக்கான கட்டுரை. கல்யாணம் மூலமாவோ தத்தெடுத்தோ அமெரிக்காவுல பிளாக் பசங்களை வளர்க்குற தமிழ் ஆளுங்க, அதுலயும் பசங்களை வீட்டுலயே படிக்க வைக்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்கு. என் வீட்டுக்காரர் ஆப்ரிக்கன் அமெரிக்கன், அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையா ஜார்ஜியாதான், நான் மதுரைப் பக்கம், ரெண்டு பசங்க. நாங்க ஆரம்பிச்சப்போ தமிழ்ல கேக்க ஒரு ஆள் கிடைக்கல, இங்கிலீஷ்ல கேட்டா ஆளுக்கொண்ணு சொன்னாங்க, அதுல பாதி வேற ஸ்டேட்டோட சட்டம். அலைஞ்சு தெரிஞ்சுக்கிட்டதை வரிசையா எழுதறேன். வேற ஸ்டேட்ல இருக்கவங்க முதல் ரெண்டு பாயின்ட்டை அப்படியே எடுத்துக்காதீங்க. டெக்சஸ்ல யாருக்கும் நோட்டீஸே குடுக்க வேண்டாம், நியூயார்க்ல ஜூலை 1-க்குள்ள லெட்டர், அப்புறம் பாடத்திட்டம், மூணு மாசத்துக்கு ஒரு ரிப்போர்ட்னு போகும், பென்சில்வேனியாவுல அஃபிடவிட், வருஷக் கடைசில ஒரு எவாலுவேட்டர். ஸ்டேட்டுக்கு ஸ்டேட் அவ்வளவு வித்தியாசம்.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். ஜார்ஜியால பேப்பர் வேலை ஒரு சாயங்காலத்துல முடிஞ்சிடும், என்ன சொல்லிக் குடுக்கறதுங்கறதுதான் வருஷம் பூரா இழுக்கும். நிறைய பேர் உல்டாவா நெனச்சு ஃபாரத்துக்குப் பயந்து நடுங்கிட்டு, பாடத்தை ஒரு பெட்டியா காசு குடுத்து வாங்கி வெச்சுட்டு அப்புறம் முழிக்கிறாங்க.

1. ஸ்கூல்லேருந்து எடுக்கறதும் டிஓஐ போடறதும் ஒரே நாள்ல

டிஓஐன்னா டிக்ளரேஷன் ஆஃப் இன்டென்ட். ஸ்டேட் எஜுகேஷன் டிபார்ட்மென்ட் சைட்லயே ஆன்லைன்ல போடலாம், ஃபீஸ் கிடையாது. பசங்க பேரு, வயசு, வீட்டு அட்ரஸ், எந்த ஸ்கூல் சிஸ்டத்துக்குள்ள வருது, உங்க 12 மாசப் படிப்பு வருஷம் எதுலேருந்து எதுவரைக்கும், அவ்வளவுதான் கேப்பாங்க. ஆரம்பிச்ச 30 நாளுக்குள்ள போடணும், அதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் 1-க்குள்ள திரும்பப் போடணும். 6 வயசு முடிஞ்சதுலேருந்து 16 வரைக்கும் இது கட்டாயம். சொல்லிக் குடுக்கற அப்பாவோ அம்மாவோ ஹைஸ்கூல் டிப்ளமாவோ, அதுக்குச் சமமான ஜிஇடி பரீட்சையோ முடிச்சிருக்கணும். ஃபாரத்தோட சர்ட்டிபிகேட் இணைக்கச் சொல்ல மாட்டாங்க, இருந்தாலும் உங்க பிளஸ் டூ, டிகிரி சர்ட்டிபிகேட் ஊர்ல அம்மா பீரோவுல இருந்தா ஒரு ஸ்கேன் வாங்கி வெச்சுக்கோங்க.

30 நாள் டைம் இருக்கேன்னு பசங்களைச் சும்மா அனுப்பாம நிறுத்திடாதீங்க. ஸ்கூல் கணக்குல அது லீவு சொல்லாம எடுத்ததாத்தான் ஏறும், 5 நாள் ஆனா உங்களுக்கு நோட்டீஸ் வரும், அப்புறம் பேச்சு வேற மாதிரி போகும். விலகல் லெட்டரை ஈமெயில்ல அனுப்பிட்டு அன்னைக்கே டிஓஐ போட்டு, காப்பியை பிடிஎஃப்-ஆ சேவ் பண்ணி, ஒரு பிரின்ட்டும் எடுத்துடுங்க. பின்னாடி பையன் டிரைவிங் பர்மிட் எடுக்கப் போறப்போ இதே பேப்பர்தான் கேப்பாங்க.

எங்களுக்கு என்ன ஆச்சுன்னா, ஸ்கூல் ஆபீஸ்ல இருந்த அம்மா, என்ன கரிக்குலம் யூஸ் பண்றீங்க, லிஸ்ட் குடுத்தாதான் பேரை எடுப்போம்னு சொல்லிட்டாங்க. சட்டத்துல அப்படி எதுவும் இல்ல. சண்டை போட வேண்டாம், டிஓஐ போட்டாச்சு, இதுதான் காப்பின்னு ஈமெயில்ல எழுதிடுங்க, வாயால பேசறதை விட எழுத்துல போனா சீக்கிரம் முடியும். கறுப்பினக் குடும்பம்னா இந்தக் கூடுதல் கேள்வி கொஞ்சம் அதிகமாவே வரும்னு என் மாமியார் முன்னாடியே சொல்லியிருந்தாங்க, அதனால எல்லாத்தையும் எழுத்துல வெச்சுக்கறது நல்லது.

வெளிய வர்றதுக்கு முன்னாடி கையோட வாங்கிக்க வேண்டியது: ரிப்போர்ட் கார்டு எல்லாம், தடுப்பூசி ஃபாரம் 3231, கண்ணு காது பல்லு பார்த்த ஃபாரம் 3300, ஐஇபி (தனி உதவி தேவைப்படுற பசங்களுக்கு ஸ்கூல் போட்டுத் தர்ற படிப்புத் திட்டம்) இருந்தா அதோட முழு காப்பி. என்னைக்காவது திரும்ப பப்ளிக் ஸ்கூல்ல சேர்க்கணும்னா இதுங்கதான் முதல்ல கேப்பாங்க. ஐஇபி மூலமா ஸ்பீச் தெரபி மாதிரி ஏதாவது போயிட்டிருந்தா, அது ஸ்கூலோட நின்னுடும்னே வெச்சு வேற ஏற்பாடு பண்ணிட்டு எடுங்க.

இன்னொரு குழப்பம். வீட்டுல உக்காந்து கம்ப்யூட்டர்ல படிக்கிற ஆன்லைன் சார்ட்டர் ஸ்கூலும் ஹோம்ஸ்கூலும் ஒண்ணு இல்ல. அது பப்ளிக் ஸ்கூல்தான், பாடம் அவங்க முடிவு பண்றதுதான். எந்த வரலாறு சொல்லிக் குடுக்கறதுன்னு நீங்க முடிவு பண்ணணும்னா டிஓஐ வழிதான்.

2. ஃபைல்ல என்ன இருக்கணும்

ரீடிங், லாங்குவேஜ் ஆர்ட்ஸ், மேத்ஸ், சோஷியல் ஸ்டடீஸ், சயின்ஸ், இந்த அஞ்சும் இருக்கணும். வருஷத்துக்கு 180 நாள், நாளுக்கு நாலரை மணி நேரம். நாலரை மணி நேரம்னதும் டேபிள்ல உக்கார வைக்கணும்னு இல்ல, மியூசியம் போனதும் கணக்கு, பாட்டி கூட உக்காந்து பழைய போட்டோ பார்த்துப் பேர் எழுதினதும் கணக்கு, தேதி போட்டு எழுதி வைங்க. வருஷக் கடைசில ஒவ்வொரு பாடத்துலயும் குழந்தை எப்படி இருக்குன்னு நீங்களே ஒரு ரிப்போர்ட் எழுதி 3 வருஷம் பத்திரமா வெச்சிருக்கணும். மூணாங்கிளாஸ் முடிவுல ஆரம்பிச்சு 3 வருஷத்துக்கு ஒரு தடவை தேசிய அளவுல நடத்தற டெஸ்ட் ஒண்ணு எழுத வைக்கணும். ரிசல்ட்டை யாருக்கும் அனுப்ப வேண்டாம், ஃபைல்ல இருந்தா போதும். ஒரு பைண்டர், அவ்வளவுதான்.

3. பெட்டி கரிக்குலம் வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு இடத்தைத் திறந்து பாருங்க

இதுலதான் காசு போகும். ஒரு வருஷத்துக்கான எல்லாப் பாடமும் ஒரே பெட்டின்னு விப்பாங்க, ஒரு பையனுக்கு 400, 500 டாலர்லேருந்து ஆயிரத்துக்கு மேல வரைக்கும். மேத்ஸுக்கு அப்படி வாங்கினா தப்பில்ல, பின்னம் எந்த ஊர்லயும் பின்னம்தான். வரலாறும் கதைப் புத்தகமும் பெட்டியா வாங்கறதுக்கு முன்னாடி சாம்பிள் பக்கம் கேளுங்க, இல்லன்னா லைப்ரரில அந்தப் புத்தகத்தை எடுத்து ரெண்டு இடம் மட்டும் படிங்க. ஒண்ணு, அமெரிக்காவோட வடக்கும் தெற்கும் மோதின உள்நாட்டுப் போர் ஏன் வந்துச்சுன்னு என்ன எழுதியிருக்காங்க. அடிமை முறைங்கற வார்த்தையே வராம மாநில உரிமை, வரி, தெற்கோட கௌரவம்னு ஓடினா மூடி வெச்சிடுங்க. ரெண்டாவது, போர் முடிஞ்சு தெற்கைத் திரும்பக் கட்டின, 1865-லேருந்து 1877 வரைக்கும் உள்ள ரீகன்ஸ்ட்ரக்ஷன் காலம். அதுக்கு அரைப் பக்கம், அதுலயும் குழப்பம், ஊழல்னு மட்டும் இருந்தா அந்தப் புத்தகம் வேண்டாம். அந்தக் காலத்துலதான் கறுப்பின ஆண்கள் ஓட்டுப் போட்டாங்க, 1870-ல ஹைரம் ரெவல்ஸ் முதல் கறுப்பின செனட்டரா செனட்டுக்குள்ள போனாரு, தெற்குல பப்ளிக் ஸ்கூலே பரவலா வர ஆரம்பிச்சுது. இந்த ரெண்டு இடத்தையும் பார்த்துட்டா மத்த பக்கம் எப்படி இருக்கும்னு தெரிஞ்சிடும்.

ஹோம்ஸ்கூல் ஆளுங்க மத்தியில நூறு வருஷம் பழைய புத்தகங்களுக்கு ஒரு மவுசு உண்டு, காப்பிரைட் முடிஞ்சதால ஃப்ரீயா கிடைக்கும், பாஷையும் அழகா இருக்கும். ஆனா 1900-கள் ஆரம்பத்துல எழுதின குழந்தைங்க வரலாறுல பிளாக் ஆளுங்களைப் பத்தி என்ன எழுதியிருப்பாங்கன்னு சொல்லணுமா. நீங்க முழுசாப் படிக்காம பையன் கையில குடுத்துடாதீங்க.

பெட்டி வாங்கிட்டு அதுக்கு மேல, பிளாக் ஹிஸ்டரி மாசமான பிப்ரவரில கொஞ்சம் கறுப்பின வரலாறு தூவிக்கலாம்னு நிறைய பேர் பண்றாங்க. எனக்கு அது பிடிக்கல. பிளாக் பசங்களுக்கு அது எக்ஸ்ட்ரா பாடம் கிடையாது, அவங்க சொந்தக் கதை, அதை நடுவுல நிறுத்திட்டு மத்ததை அதைச் சுத்தி வைங்க. அமெரிக்க வரலாறுல இதைத் தொடாத பாடம்னு பெருசா எதுவும் இல்ல, அடிமைங்க விளைவிச்ச பருத்தி இல்லாம நியூயார்க் பேங்க் கதை இல்ல, கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வடக்குக்குக் கூட்டம் கூட்டமா போன கிரேட் மைக்ரேஷன் இல்லாம சிகாகோ, டெட்ராய்ட் கதை இல்ல.

4. வரலாறை 1619-ல ஆரம்பிக்காதீங்க

வெர்ஜீனியாவுல பாயின்ட் கம்ஃபர்ட்ல ஆப்ரிக்கர்களை ஏத்தின கப்பல் வந்த வருஷம் 1619. நிறைய புத்தகத்துல பிளாக் ஆளுங்க முதல் தடவையா வர்றதே அந்தப் பக்கத்துலதான், சங்கிலியோட. ஏழு வயசுப் பையன் மனசுல முதல்ல பதியறது அதுவா இருக்கக் கூடாது. நாங்க நடை வழில சுவத்து நீளத்துக்கு ஒரு பேப்பர் ரோல் ஒட்டி, மேல் வரில ஆப்ரிக்கா, அமெரிக்கா, கீழ் வரில தமிழ்நாடுன்னு போட்டோம், ரெண்டு பக்கமும் அவங்க ஆளுங்கதானே. மேல குஷ் நாட்டோட மெரோ பிரமிடுங்க, அக்சும் காசுங்க, கல்லை மட்டும் அடுக்கிக் கட்டின கிரேட் ஜிம்பாப்வே, 1324-ல மாலியோட மன்னர் மான்சா மூசா மெக்காவுக்குப் போனது, திம்புக்டு. கீழ தஞ்சாவூர் பெரிய கோயில் 1010. கிரேட் ஜிம்பாப்வேல சுவர் எழும்பிட்டிருந்தப்போ நம்ம ஊர்ல சோழர்கள் இருந்திருக்காங்கன்னு அந்த பேப்பரைப் பார்த்துத்தான் எனக்கே உறைச்சுது.

இன்னும் கொஞ்சம் தள்ளி 1834-ன்னு ஒரு கோடு இருக்கு. பிரிட்டிஷ் காலனிங்கள்ல அடிமை முறையை ஒழிச்ச சட்டம் அமலுக்கு வந்த வருஷம். அதுக்கப்புறம் மொரிஷியஸ், கரீபியன் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலியா ஆள் எடுத்த ஊருங்கள்ல நம்ம மெட்ராஸும் ஒண்ணு. மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் நடுவுல பொண்ணு அவளாவே சிவப்புப் பேனாவுல ஒரு கோடு இழுத்துட்டா. 1965-லயும் அப்படி ஒண்ணு இழுக்கலாம்: அந்த வருஷம் ஆகஸ்ட்ல ஓட்டுரிமைச் சட்டம், அக்டோபர்ல குடியேற்றச் சட்டம், சிவில் ரைட்ஸ் போராட்டம் போட்ட பாதையிலதான் நம்ம ஆளுங்களுக்கு இங்க கதவு திறந்துச்சு. ரெண்டாவது சட்டத்தை மட்டும் தெரிஞ்சுக்கிட்டு முதல் சட்டத்துக்காக அடி வாங்கினவங்களைப் பத்தி ஒண்ணும் தெரியாம இருக்குற மாமா சித்தப்பாக்களுக்கும் சேர்த்தே அந்தச் சுவர்.

அடிமைக் காலத்தை மறைக்கவும் வேண்டாம், அதுலயே மூழ்கடிக்கவும் வேண்டாம். சின்னப் பசங்களுக்கு எதிர்த்து நின்னவங்க மூலமா உள்ள போங்க. எங்க வீட்டுல ஹிட்டு ராபர்ட் ஸ்மால்ஸ்தான்: 1862-ல சார்லஸ்டன் துறைமுகத்துல, வெள்ளைக்கார அதிகாரிங்க கரைக்குப் போன ராத்திரி, தெற்குப் படையோட (கான்ஃபெடரேட்) கப்பலையே ஓட்டிக்கிட்டு, குடும்பத்தை ஏத்திக்கிட்டு, கேப்டன் தொப்பியைப் போட்டு சிக்னல் குடுத்து கோட்டையைத் தாண்டி வடக்குப் படை (யூனியன்) பக்கம் சேர்ந்தவரு, பின்னாடி அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்ல உக்காந்தவரு. பையன் சோபாவைக் கப்பலாக்கி அதை நூறு தடவை ஓட்டியாச்சு. அது விளையாட்டு, அவனா பண்றது. ஆனா பாடம்ங்கற பேர்ல அடிமை ஏலம், கப்பல் அடித்தட்டு மாதிரி நடிக்க வைக்கிற ஆக்டிவிட்டி எந்த கோ-ஆப்ல (ஹோம்ஸ்கூல் குடும்பங்க சேர்ந்து நடத்தற வகுப்பு) வந்தாலும் பசங்களை எழுப்பிக் கூட்டிட்டு வந்துடுங்க. எட்டு ஒன்பது வயசு வரைக்கும் ஸ்மால்ஸ், அடிமையா இருந்து தப்பிச்சு மத்தவங்களையும் தப்பிக்க வெச்ச ஹாரியட் டப்மன், ஃபிரான்ஸ் போய் 1921-ல பைலட் லைசென்ஸ் வாங்கின பெஸ்ஸி கோல்மன் மாதிரி ஆளுங்க. பத்துக்கு மேல, நிறத்தை வெச்சுப் பிரிக்கறது செல்லும்னு சொன்ன 1896 பிளெஸ்ஸி தீர்ப்பு, ஸ்கூல்ல அப்படிப் பிரிக்கக் கூடாதுன்னு சொன்ன 1954 பிரவுன் தீர்ப்பு. பன்னெண்டு பதிமூணுல, வெள்ளைக்காரக் கும்பல் கறுப்பின மக்களைத் தாக்கிக் கொன்ன 1906 அட்லாண்டா, 1921 டல்சா. வயசு நான் சொல்றது ஒரு குத்துமதிப்புதான், உங்க குழந்தை உங்களுக்குத் தெரியும்.

5. கதைப் புத்தகம் எப்படிப் பொறுக்கறது

லிஸ்ட் தேடி அலைய வேண்டாம். அமெரிக்க லைப்ரரி அசோசியேஷன் குடுக்கற கொரெட்டா ஸ்காட் கிங் அவார்டு 1970-லேருந்து இருக்கு, கறுப்பின எழுத்தாளர், ஓவியர்களுக்குன்னே. ஜெயிச்சது மட்டும் இல்லாம ஹானர் லிஸ்ட்டும் வருஷா வருஷம் உண்டு. அந்த லிஸ்ட்டை பிரின்ட் எடுத்துக்கிட்டு லைப்ரரிக்குப் போனீங்கன்னா வருஷக்கணக்கா படிக்கலாம். ஜார்ஜியால பைன்ஸ்னு ஒரு லைப்ரரி நெட்வொர்க் இருக்கு, ஒரு கார்டுல ஸ்டேட்ல பெரும்பாலான கவுன்ட்டி புத்தகங்களை உங்க பிராஞ்சுக்கே வரவழைச்சுக்கலாம், மெட்ரோ அட்லாண்டா பெரிய கவுன்ட்டிங்க சிலது மட்டும் தனி சிஸ்டம்.

எடுக்கற புத்தகத்துல ஒரு கணக்குப் பாருங்க. பத்து புத்தகத்துல எத்தனை அடிமைக் காலம், போராட்டம், போலீஸ்? நான் மூணுக்கு மேல விடறதில்ல. மீதி ஏழுல பிளாக் பசங்க சைக்கிள் தொலைக்கணும், பேயைப் பிடிக்கணும், ராக்கெட் விடணும், தாத்தா கூட மீன் பிடிக்கணும். வெள்ளைக்காரப் பசங்களுக்கு அந்த மாதிரி புத்தகம் அலமாரி அலமாரியா இருக்கு, நம்ம பசங்களுக்கு மட்டும் ஏன் எல்லாக் கதையும் பாடமாவே இருக்கணும்?

ஃப்ரீயா கிடைக்கற பொக்கிஷம் ஒண்ணு இருக்கு. 1920, 21-ல கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸும் எழுத்தாளர் ஜெஸ்ஸி ஃபாசெட்டும் கறுப்பினக் குழந்தைங்களுக்காகவே நடத்தின 'தி பிரவுனீஸ் புக்' மாசப் பத்திரிகை, லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் சைட்ல பக்கம் பக்கமா ஸ்கேன் இருக்கு. பெரிய பசங்களுக்கு, அடிமையா இருந்து தப்பிச்ச ஃபிரெடரிக் டக்ளஸ் 1845-ல எழுதின சொந்த வாழ்க்கைக் கதை, அடிமையா இருந்தப்பவே கவிதை எழுதின பிலிஸ் வீட்லியோட 1773-ல வந்த கவிதைங்க, ரெண்டும் காப்பிரைட் முடிஞ்சது, தாராளமா டவுன்லோட் பண்ணிக்கலாம். ஒரு காலத்துல அடிமையா இருந்த முதியவங்க கிட்ட 1930-கள்ல அரசாங்கம் எடுத்த பேட்டிங்க இரண்டாயிரத்துக்கு மேல லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் சைட்லயே இருக்கு, அதுல ஒரு எச்சரிக்கை: பேட்டி எடுத்தவங்க பெரும்பாலும் வெள்ளைக்காரங்க, பேச்சை அவங்க இஷ்டத்துக்கு உடைச்சு எழுதியிருப்பாங்க, முதியவங்களும் யார்கிட்ட பேசறோம்னு பார்த்துத்தான் பேசியிருப்பாங்க. முதல்ல அதைச் சொல்லிட்டு அப்புறம் படிக்கக் குடுங்க.

பழைய புத்தகத்துல பிளாக் ஆளுங்களைக் கேவலமா சொல்ற அந்த 'என்' வார்த்தை வரும். சத்தமா வாசிக்கறப்போ என்ன பண்ணப்போறோம்னு வீட்டுல முன்னாடியே முடிவு பண்ணிடுங்க. எங்க வீட்டுல அதை நான் வாய்விட்டு வாசிக்கறதில்ல, அந்த இடத்துல நிறுத்திடுவேன், அதைப் பத்திப் பேசறது அவங்க அப்பா வேலை.

இங்க நம்ம பக்கத்துப் பிரச்சனையையும் சொல்லணும். பகல் பூரா பையனுக்கு மான்சா மூசா சொல்லிக் குடுத்துட்டு, சாயங்காலம் வீடியோ கால்ல அத்தை வந்து "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கான்"னு சொன்னா எல்லாம் தண்ணியாப் போயிடும். பசங்களுக்குத் தமிழ் புரியும். கால் போடறதுக்கு முன்னாடியே, நிறம், முடி பத்தி பேச்சு வந்தா கட் பண்ணிடுவேன்னு ஊர்ல சொல்லி வெச்சுடுங்க. நான் ரெண்டு தடவை கட் பண்ணேன், அப்புறம் வரல.

6. குடும்பப் பதிவுங்க: காசில்லாத பெரிய பாடம்

பழைய குடும்பப் பதிவுங்களைத் தேடற ஃபேமிலிசர்ச் சைட்ல அக்கவுன்ட் ஃப்ரீ. மாமியார் மாமனாரைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு 1950 சென்சஸ்லேருந்து பின்னாடி போங்க, 1940, 1930, இப்படி. 1890 பெரும்பாலும் எரிஞ்சு போச்சு, அதைத் தேடி நேரம் வீணாக்காதீங்க, 1900-லேருந்து நேரா 1880-க்குத் தாண்டிடுங்க. 1870 வரைக்கும் பேர் இருக்கும். அடிமையா இருந்த குடும்பங்களை முதல் தடவையா பேரோட எழுதின சென்சஸ் அதுதான்.

1860-க்குப் போனா வேற ஃபாரம் வரும். ஓனர் பேர் இடது பக்கம் ஒரு தடவை. அதுக்குக் கீழ வரிசையா ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணுன்னு எண்ணிக்கை, பக்கத்துல வயசு, ஆணா பெண்ணா, நிறத்துக்கு ஒரு எழுத்து. பேர் எழுத கட்டமே கிடையாது. வலது பக்கக் கடைசிக் கட்டத்துல எத்தனை குடிசைன்னு. இதை மாமியார் கூட இல்லாம பசங்களுக்குக் காட்டாதீங்க, அன்னைக்கு வேற பாடம் எதுவும் வைக்காதீங்க. பேர் கண்டுபிடிக்கணும்னா அதுக்கப்புறம் விடுதலையானவங்களுக்கு உதவ அரசாங்கம் வெச்ச ஃப்ரீட்மென்ஸ் பியூரோ பதிவுங்க, அவங்க காசு போட்டு வெச்ச ஃப்ரீட்மென்ஸ் பேங்க் அக்கவுன்ட் பதிவுங்கன்னு அதே சைட்ல இருக்கு, 1865-லேருந்து 1870-கள் வரைக்கும். பேங்க் பதிவுல சில சமயம் அம்மா, அப்பா, கூடப் பிறந்தவங்க பேரெல்லாம் எழுதியிருப்பாங்க. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், பசங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

7. ஊர் சுத்தறது

அட்லாண்டாவுல ஆபர்ன் அவென்யூ ஒரு நாள் முழுக்க. மார்ட்டின் லூதர் கிங் நேஷனல் பார்க் ஃப்ரீ, பிறந்த வீடு மட்டும் வேலை நடந்தா மூடியிருக்கும், பார்க் சர்வீஸ் சைட்டைப் பார்த்துட்டுப் போங்க. அதே தெருவுல கறுப்பின வரலாறுக்குன்னே ஒரு பப்ளிக் ரிசர்ச் லைப்ரரி இருக்கு, அதுவும் ஃப்ரீ. அலபாமா பக்கம் ஐ-85-ல போனா முதல்ல டஸ்கீகி, இரண்டாம் உலகப் போர் கால கறுப்பின விமானப் படை வீரர்கள் பயிற்சி எடுத்த மோட்டன் ஃபீல்ட், ஃப்ரீ. அப்படியே மாண்ட்கோமரி. அங்க அடிமை முறையிலேருந்து ஆரம்பிக்கிற லெகசி மியூசியமும், கும்பல் அடிச்சுக் கொன்ன (லிஞ்சிங்) கறுப்பின மக்களுக்கான நினைவிடமும் இருக்கு, நாங்க போனப்போ டிக்கெட் 5 டாலர், பன்னெண்டு வயசுக்குக் கீழ உள்ள பசங்களை நான் கூட்டிட்டுப் போக மாட்டேன். அலபாமா டைம் ஒரு மணி நேரம் பின்னாடி, போறப்போ லாபம், வர்றப்போ ராத்திரி ஆயிடும். வாஷிங்டன்ல ஸ்மித்சோனியனோட ஆப்ரிக்கன் அமெரிக்கன் மியூசியமும் ஃப்ரீதான், ஆனா நேரம் போட்ட பாஸ் ஆன்லைன்ல முன்னாடியே எடுக்கணும்.

கோ-ஆப்ல சேரறதுன்னா ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி அப்ளிகேஷனை முழுசாப் படிங்க. தெற்குல நிறைய கோ-ஆப் சர்ச் சார்ந்தது, மத நம்பிக்கை அறிக்கைல கையெழுத்து கேப்பாங்க. ஒரு நாள் சும்மா போய் உக்காந்து பாருங்க, உங்க குழந்தை மட்டும்தான் அங்க பிளாக்குன்னா யோசிங்க. மெட்ரோ அட்லாண்டாவுல கறுப்பினக் குடும்பங்களே நடத்தற குரூப்புங்க உண்டு, லைப்ரரி நோட்டீஸ் போர்டுலயும் மாமியாரோட சர்ச்லயும் கேட்டா கைகாட்டுவாங்க. ஆறாங்கிளாஸுக்கு மேல ஸ்போர்ட்ஸ், பேண்டுன்னா 2021-ல வந்த டெக்ஸ்டர் மோஸ்லி சட்டப்படி உங்க ஏரியா பப்ளிக் ஸ்கூல்ல சேரலாம், அதுக்கு ஸ்கூல் மூலமா ஒரு கோர்ஸ் எடுக்கணும், சீசனுக்கு முன்னாடியே லெட்டர் குடுத்துடுங்க.

8. காசும் காலண்டரும்

டிஓஐ பூஜ்யம், லைப்ரரி பூஜ்யம், டெஸ்ட் எழுதற வருஷத்துல சில பத்து டாலர், மேத்ஸ் புத்தகம், பிரின்டர் இங்க், பெட்ரோல். இங்க்தான் நெனச்சதை விட அதிகம் தின்னும், லேசர் பிரின்டர் பழசு ஒண்ணு வாங்கிடுங்க. ஃபெடரல் டாக்ஸ்ல ஹோம்ஸ்கூல் புத்தகச் செலவைக் கழிக்க முடியாது, டீச்சர்களுக்குக் குடுக்கற கழிவு உங்களுக்குப் பொருந்தாது, யாராவது பொருந்தும்னு சொன்னா நம்பாதீங்க. சட்ட உதவி மெம்பர்ஷிப் எடுத்தே ஆகணும்னு சொல்றவங்க இருக்காங்க, வேணும்னா எடுக்கலாம், கட்டாயம் இல்ல. பெரிய செலவு ஒருத்தர் சம்பளம் குறையறதுதான், அதை முதல்லயே உக்காந்து கணக்குப் போடுங்க.

ஏப்ரல், மே: டெஸ்ட் வருஷம்னா டெஸ்ட் புக் பண்றது. ஜூன்: முன்னேற்ற ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டு பைண்டர்ல வைக்கிறது. ஜூலை: லைப்ரரில வேணுங்கற புத்தகத்தை முன்பதிவு (ஹோல்டு) போடறது, ஏன்னா பிப்ரவரில அந்த மாசத்துக்கான புத்தகம் எல்லாம் ஸ்கூல் டீச்சருங்க அள்ளிட்டுப் போயிடுவாங்க, நீங்க அதுக்கு முன்னாடியே படிச்சு முடிச்சிருக்கணும். ஆகஸ்ட் நடுவுல டிஓஐ ரினியூவல், செப்டம்பர் 1 வரைக்கும் இழுக்காதீங்க, வீடு மாறியிருந்தா அட்ரஸையும் ஸ்கூல் சிஸ்டத்தையும் மாத்திட்டுப் போடுங்க.